கம்பியில் தொங்கிய விமானம்

“வாப்பா, சோத்துக்கை எண்டா சோறு தின்ற கைதானே? அப்ப என்ட சோத்துக்கை எது?”

அமீரா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. இடது கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, வாயில் ஒரு பருக்கை ஒட்டியிருக்க, தகப்பனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். பாயிஸ் அவளுடைய இடது புறங்கையில் சட்டென்று ஒரு தட்டுத் தட்டி, கரண்டியைப் பிடுங்கி வலது கையில் வைத்தான். அந்தத் தட்டு வலித்திருக்காது. ஆனாலும் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவேயில்லை. பாயிஸும் அதை மறந்துபோனான்.

பதினெட்டு வருடம் கழித்து, ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், கனடாவில், டோர்செட் பார்க் மாடிக்கட்டடத்தின் பதினோராம் தளத்தில், குணவதி அக்காவின் வீட்டுப் பிறிட்ஜுக்குப் பின்னால் அவன் மல்லாந்து கிடந்தான். பிறிட்ஜும் ஹீற்றரும் திருத்துவது அவனுடைய தொழில். துப்பறிவது அவனுடைய ஆசை. அக்கா காப்புறுதிக் கம்பனி ஒன்றில் முப்பது வருடம் விபத்துகளை விசாரித்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் ஏதாவது பழுதானால் பாயிஸ் காசு வாங்குவதில்லை. அதற்குப் பதிலாக, அங்கு வருகிறவர்களின் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க அவனுக்கு அனுமதி உண்டு.

கதவு தட்டப்பட்டது. வந்தவள் யோகராணி, பக்கத்துக் கட்டடத்தில் பிள்ளைகள் பராமரிப்பு நடத்துகிறவள். பிறிட்ஜுக்கு அடியால் பாயிஸுக்கு அவளுடைய கால்கள் மட்டுமே தெரிந்தன. ஒரு காலில் கறுப்புச் சப்பாத்து, மற்றக் காலில் மண்ணிறம்.

“முதல்லை இருங்கோ,” என்றார் குணவதி. “கால் ஈரமாக் கிடக்கு. இந்தா, காலுக்கு உலர்ந்த மேசோடு. போட்டிட்டு ஒரு தேத்தண்ணி குடியுங்கோ. பிறகு சொல்லலாம்.”

“அக்கா, என்ரை மனுசனைக் கொலைகாரன் எண்டுகினம்.”

“ஓம். தேத்தண்ணியைக் குடிச்சிட்டுச் சொல்லுங்கோ.”

யோகராணி அழுதழுது சொன்ன கதை இது.

நகரத்துக்குத் தெற்கே, துறைமுகத்தின் கிழக்குக் கோடியில், ஒரு பழைய சரக்குக் கப்பல் கண்காட்சிச்சாலையாக நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஓடுதளம் இல்லாத கப்பல்களிலிருந்து சிறிய வேவு விமானங்களை எப்படிப் பறக்கவிட்டார்கள் என்பதைக் காட்டுவதுதான் அங்கே புது ஏற்பாடு. கப்பலின் பக்கவாட்டில் தண்ணீருக்கு மேலாக இரண்டு நீண்ட இரும்புக் கைகள். அவற்றுக்கிடையே முறுக்கிக் கட்டிய உருக்குக் கம்பி. கம்பியில் ஓடும் ஒரு சில்லு. அந்தச் சில்லில், முதுகில் உள்ள கொழுக்கியால், வௌவாலைப்போலத் தொங்கும் துணி போர்த்த ஒரு சிறு விமானம். கம்பி கட்டியவர் யோகராணியின் கணவர் வாகீசன். பெரிய கிரேன்களில் இருபத்தைந்து வருடம் வேலை செய்த கை.

ஒன்பது நாளுக்கு முன், முதலாவது ஒத்திகை. விமானத்தின் எஞ்சின் ஓடாது. வாகீசன் கயிற்றுச் சுற்றியை இயக்க, அது கம்பியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்லப் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே இருந்தவன் ஜனார்த்தன். கனடாவில் பிறந்தவன், முப்பத்துநாலு வயது, சனி ஞாயிறுகளில் சிறு விமானம் ஓட்டுகிறவன். கயிறு இழுபட்டவுடன் கொழுக்கி திறந்துகொண்டது. விமானம் முப்பது அடி கீழே, பனிக்கட்டி உருகிச் சில நாளான தண்ணீரில் விழுந்தது. துறைமுகப் படகுக்காரர் அவனைத் தூக்கி எடுத்தார்கள். இன்னும் நினைவு திரும்பவில்லை, மெஷினில் மூச்சு.

“கொழுக்கி திறக்காமல் ஒரு ஆணி இருக்குதாம். அதிலை சிவப்பு நாடா கட்டியிருக்கும்; தொடக்கூடாது எண்டு அர்த்தம். அடுத்தநாள் விடிய அந்த ஆணி இவரின்ரை ஜக்கெற் பொக்கற்றுக்குள்ளை கிடந்ததாம். மனேஜர் அகஸ்ரின்தான் கண்டெடுத்துப் பொலிசுக்குக் குடுத்தவர். ஜக்கெற் கப்பல் கம்பிவேலியிலை தொங்கினதாம்.”

“இவருக்கும் ஜனார்த்தனுக்கும் ஏதும் மனத்தாங்கலோ?”

“எஞ்சினைப் போட்டு ஓடுவம் எண்டு அந்தப் பெடியன் நிண்டவன். இவர் ‘விளையாடாதை, செத்துப்போவாய்’ எண்டு கத்தினவர். அதை ஆரோ கேட்டு, இங்கிலிசிலை மாத்தி, ‘உன்னைச் சாக்காட்டுவன்’ எண்ட மாதிரி எழுதிவைச்சிருக்கினம். வெள்ளிக்கிழமை பின்னேரம் அதிகாரி முடிவு சொல்லுவாராம். இவர் ஒண்டும் கதைக்கிறார் இல்லை அக்கா. தலையைக் குனிஞ்சபடி இருக்கிறார்.”

அவள் சட்டத்தரணி கொடுத்த படங்களை மேசையில் பரப்பினாள். பிறிட்ஜுக்குப் பின்னாலிருந்து ஊர்ந்து வந்த பாயிஸும் எட்டிப் பார்த்தான். முதற் படத்தில் ஒரு இறகு அடைத்த குளிர் ஜக்கெற். அதன் கட்டங்கள் சில சப்பையாகவும் சில உருண்டை உருண்டையாகவும் இருந்தன. இரண்டாவதில் அதன் இடது பொக்கற் வெளியே இழுக்கப்பட்டிருந்தது; துணியில் விரல் நீளத்துக்குத் துருக்கறை. மூன்றாவதில் அந்த ஆணி. தலையில், கடையிலிருந்து அப்போதுதான் வாங்கியதுபோல், பளிச்சென்ற சிவப்பு நாடா.

குணவதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “விழுந்த அண்டைக்கு மழையோ?”

“இல்லை அக்கா. குளிர்தான், ஆனா நல்ல வெயில். அடுத்தநாளும் அப்பிடித்தான்.”

அவள் போன பிறகு பாயிஸ் கைகளைத் துடைத்தபடி சொன்னான். “அக்கா, எனக்கெண்டா விளங்கிட்டுது. மனேஜர்தான். காப்புறுதிக் காசுக்கு.”

“போன மாசம் கீழ் வீட்டு அன்ரியின்ரை பூச்சட்டி உடைஞ்சதுக்கும் நீர் காப்புறுதிக் காசு எண்டுதானே சொன்னனீர்?”

“அதுவும் இன்னும் முடிவாகல்லத்தானே.”

குணவதி சிரித்தார். பிறகு சிரிப்பு மறைந்தது. “ஒண்டை யோசியும். வாகீசன் வேணுமெண்டு செய்தவர் எண்டு முடிவானால், கம்பி சரி, கொழுக்கி சரி, ஏற்பாடு முழுக்கச் சரி எண்டுதான் அர்த்தம். அடுத்த மாசம் அதிலை பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்துவினம். செய்தது அவர் இல்லையெண்டால், ஜனார்த்தனை விழுத்தினது என்னவோ, அது இன்னும் அந்தக் கப்பலிலைதான் இருக்கு.”

மறுநாள் புதன்கிழமை. ஏரியிலிருந்து வந்த மூடுபனி கப்பலைப் பாதி விழுங்கியிருந்தது. தலைக்கு மேலே எங்கோ கம்பி காற்றில் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. கரையில் தார்ப்பாய் மூடிய விமானத்தின் ஒடிந்த இறக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாயிஸ் அதைப் பார்த்து வாய்க்குள் ஓதிக்கொண்டான்.

மனேஜர் அகஸ்ரின் ஐம்பது வயதுக்காரர். கழுத்தில் சிறு சிலுவை, தூங்காத கண்கள். சுவரில் மாட்டியிருந்த போர்க்காலப் படம் ஒன்றைக் காட்டியபோது மட்டும் அந்தக் கண்களில் வெளிச்சம் வந்தது.

“பாருங்கோ அக்கா. மலைக்கு அங்காலை குண்டு எங்கை விழுகுது எண்டு கப்பலுக்குத் தெரியாது. மேலை போய்ப் பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும். ஓடுதளம் இல்லை. அதுக்குத்தான் இந்தக் கம்பி. முழு வேகத்திலை ஓடிப்போய், முனையிலை கொழுக்கியைத் திறந்து, பொத்தெண்டு விழுந்து, விழுற வேகத்திலையே பறந்திடுவாங்கள். திரும்பி வந்து அதே கம்பியிலை கொழுவவும் வேணும். பிழைச்சால் கடல்.”

“இந்தப் படத்திலை இருக்கிற மாதிரியே செய்திருக்கிறியள்.”

“ஒரு மயிரிழை மாறாமல். வாகீசன் மஞ்சள் மட்டை, அம்புக்குறி எண்டு ஒட்டிக்கொண்டு திரிவார். நான் உரிச்சுக்கொண்டு திரிவன். அந்தக் காலத்திலை ஆர் மட்டை ஒட்டினது?” சொல்லிவிட்டு அவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

மேல்தளத்தின் விளிம்பை ஒட்டி, கம்பியின் முனையில் சில்லு அப்படியே நின்றது. அன்றிலிருந்து யாரும் தொடக்கூடாதென்பது பொலிசின் கட்டளை. அகஸ்ரின் விளக்கினார். விமானத்தில் இருப்பவனுடைய தலைக்கு மேலே ஒரு சின்னத் திறப்பு. அதற்குள் கைவிட்டால் இரண்டு ஆணிகள். இடது பக்கம் கொழுக்கி ஆணி. அது கொழுக்கியைப் பூட்டி வைக்கிறது, அதற்குச் சிவப்பு நாடா. வலது பக்கம் சில்லு ஆணி. அது சில்லை ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது, அதற்குப் பச்சை நாடா. ஒத்திகைக்குச் சில்லு ஆணியை மட்டும் கழற்ற வேண்டும்.

“கொழுக்கி ஆணி இல்லாட்டி என்ன நடக்கும்?”

“ஒரு உலுப்பல் காணும் அக்கா, திறந்திடும்.”

“எவ்வளவு தூரம் ஓடி விழுந்தது?”

“ஓடேல்லை. கயிறு இழுபட்ட உடனை நிண்ட இடத்திலையே விழுந்தது. ஒரு அடிகூட நகரேல்லை.”

குணவதி சில்லுக்குக் கிட்டப் போனார். சில்லு ஆணி அதன் துளையில் உறுதியாகச் செருகியிருந்தது. அதன் தலையில் பச்சை நாடா, பள்ளிக்கூடப் பிள்ளையின் சப்பாத்து நாடாபோல் இரண்டு காதுவிட்ட பூ முடிச்சாகக் கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் கயிறுகளிலும் வாளிகளிலும் வாகீசன் கட்டிய முடிச்சுகள் எல்லாம் கல்லுப்போல் இறுகி, நுனி உள்ளே மடிந்திருந்தன. பாயிஸ் இரண்டையும் பார்த்தான். பார்த்ததோடு சரி.

அஸர் தொழுகைக்கு நேரமாகியது. ஊழியர் அறையில் ஒரு மூலையைக் காட்டினார்கள். அங்கே ஒரு சுத்தமான கடதாசி மட்டை சுவரில் சாத்தியிருந்தது. “வாகீசன் வைச்சது,” என்றார் அகஸ்ரின் தயக்கத்தோடு. “பெயின்ற் அடிக்க வாற றிஸ்வி தொழுறதுக்கு.” பாயிஸ் தொழுது முடித்துச் சலாம் கொடுத்துத் திரும்பியபோது, குணவதி கொழுவிகளில் தொங்கிய வேலைக் கையுறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ‘ஜனா’ என்று எழுதிய கொழுவியில் ஒரு சோடி. இடது கையுறையின் உள்ளங்கை தேய்ந்து ஓட்டை. வலது கையுறை ஏறக்குறையப் புதிது.

“கம்பனி ஒண்டு ஓட்டையும் ஒண்டு புதிசுமாக் குடுத்திரிக்கு போல,” என்றான் பாயிஸ்.

“அப்பிடியும் இருக்கலாம்,” என்றார் குணவதி.

வாகீசன் தன் வீட்டுக் கராஜில், கதவைத் திறந்துவைத்தபடி, ஒரு கவிழ்த்த வாளியில் இருந்தார். பெரிய கைகள், முழங்காலுக்கிடையில் தொங்கின. குணவதி இன்னொரு வாளியைக் கவிழ்த்து எதிரே இருந்தார்.

“உங்கடை வாக்குமூலம் இங்கிலிசிலை வாசிச்சன். ‘வலது பக்க ஆணியைக் கழற்றச் சொன்னேன்’ எண்டு கிடக்கு.”

“ஓம் அக்கா. நான் சுற்றிக்குப் பக்கத்திலை, மற்ற முனையிலை நிண்டனான். அவன் வோக்கி டோக்கியிலை கேட்டவன், எதைக் கழட்டுறது எண்டு. நான் சொன்னன்.”

“தமிழிலையோ?”

“நானும் அவனும் தமிழ்தான். அவன்ரை தமிழ் கொஞ்சம் கொச்சை. ஆனா ஆசையாக் கதைப்பான்.”

“சொன்ன சொல்லை அப்பிடியே சொல்லுங்கோ. ஒரு எழுத்தும் மாத்தாமல்.”

வாகீசன் யோசித்தார். “‘தம்பி, சோத்துக்கைப் பக்கம் கிடக்கிறதைக் கழட்டு.’ அவ்வளவுதான். அவன் ‘ஓகே அண்ணை’ எண்டான். நான் சுற்றியைப் போட்டன்.”

“உங்கடை ஜக்கெற் அப்ப எங்கை?”

தெருவில் ஒரு பள்ளிக்கூட பஸ் நின்று, பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போயிற்று.

“எங்கையோ கழட்டி வைச்சன்,” என்றார் வாகீசன், தரையைப் பார்த்தபடி.

குணவதி அதற்கு மேல் கேட்கவில்லை. எழும்பும்போது அவருடைய தோளில் ஒருமுறை கைவைத்தார். “சாப்பிடுங்கோ வாகீசன். யோகராணி உங்களுக்காகப் பட்டினி கிடக்கிறா.”

வாகனத்தில் குணவதி கண்ணை மூடிக்கொண்டார். “முக்கால்வாசி கையிலை இருக்கு பாயிஸ். ஒரே ஒரு இடம் இடறுது. வலது எண்டு சொன்னால், புத்தியுள்ள மனிசன் ஏன் இடதிலை கை வைக்கிறான்?”

பெரிய தெருச் சந்தியில் விளக்கு பச்சையாகியும் பாயிஸ் வாகனத்தை நகர்த்தவில்லை. பின்னால் ஹோர்ண் அடித்தார்கள்.

“என்ன பாயிஸ்?”

“அக்கா… அந்தச் சொல். என்ட மகள் அமீரா, சின்னப்புள்ளைல, இடக்கையாலதான் சாப்பிடுவா. ஒருநாள் எனக்கிட்ட கேட்டா…” கேள்வியைச் சொன்னான். தட்டியதையும் சொன்னான். அதை அவன் யாருக்கும் சொன்னதில்லை, மனைவி ஸெய்னம்புவுக்குக்கூட.

குணவதி கண்ணைத் திறந்து அவனையே பார்த்தார். “முருகா,” என்றார் மெதுவாக. “வாகனத்தைத் திருப்பும். ஆஸ்பத்திரிக்குப் போவம். ஜனார்த்தன்ரை தகப்பனிட்டை ஒரே ஒரு கேள்வி கேக்கவேணும்.”

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் கப்பலின் ஊழியர் அறையில் ஐந்து பேர் குணவதியின் முன் இருந்தார்கள். வாகீசனும் யோகராணியும் ஒரு பக்கம். எதிரே ஜனார்த்தனின் தகப்பன் ஸ்ரீஸ்கந்தராசா. பன்னிரண்டு நாளாக மழிக்காத முகம். அவர் வாகீசனைப் பார்க்கவே இல்லை. கதவோரம் அகஸ்ரின். பாயிஸ் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினான். வெளியே மூடுபனி இன்னும் விலகவில்லை. கம்பி முனகிக்கொண்டே இருந்தது.

“இரண்டு ஆணி,” என்று தொடங்கினார் குணவதி. “ஒண்டைக் கழட்டவேணும், மற்றதைத் தொடக்கூடாது. வாகீசன் களவாகக் கொழுக்கி ஆணியைக் கழட்டியிருந்தார் எண்டு வைப்பம். அப்ப ஜனார்த்தன் என்ன செய்திருப்பான்? சொன்னபடி சில்லு ஆணியைக் கழட்டியிருப்பான். இரண்டு ஆணியும் வெளியிலை இருக்கும். சில்லு ஓடியிருக்கும், ஓடித்தான் விழுந்திருக்கும். ஆனால் விமானம் நிண்ட இடத்திலை விழுந்தது. சில்லு ஆணி இண்டைக்கும் துளைக்குள்ளை கிடக்கு. அண்டைக்குக் கழட்டினது ஒரே ஒரு ஆணி. ஒரு ஆணியைக் கழட்டச் சொல்லி ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லுப்பட்டது.”

ஸ்ரீஸ்கந்தராசா நிமிர்ந்தார். “என்ரை பிள்ளை தானே கழட்டிப்போட்டுத் தானே விழுந்தவன் எண்டுறியளோ?”

“அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. உங்கடை பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை. ஆணி வாகீசன்ரை ஜக்கெற்றுக்குள்ளை கிடந்தது; அது உண்மை. ஆனால் அந்த ஜக்கெற் எங்கை கிடந்தது? இறகு ஜக்கெற்றைத் தோய்ச்சுக் காயப்போட்ட எல்லாருக்கும் தெரியும், நனைஞ்சால் இறகு உருண்டு போகும். படத்திலை அது உருண்டு கிடக்கு. மழை பெய்யேல்லை. வாகீசன் தண்ணியிலை இறங்கேல்லை. தண்ணிக்குள்ளை போனது ஒரு ஆள்தான். ஜக்கெற் அந்த ஆளின்ரை மேலிலை இருந்தது. இடது பொக்கற்றிலை துருக்கறை. கையுறையைப் பாருங்கோ, இடது தேய்ஞ்சு கிடக்கு. இடக்கைக்காரன் கழட்டினான், இடது பொக்கற்றிலை போட்டான்.” அவர் வாகீசன் பக்கம் திரும்பினார். “குளிருது எண்டு நீங்கள்தானே அவனுக்குப் போட்டுவிட்டனீங்கள்?”

வாகீசன் தலையாட்டினார். “மெல்லிசாச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவன் அக்கா. மேலை காத்து.”

“அதை ஏனப்பா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?” யோகராணி கத்திவிட்டாள்.

“சொன்னால் அவன்தான் கழட்டினவன் எண்டு ஆகும். கட்டிலிலை வாய் திறக்க ஏலாமல் கிடக்கிறவன்ரை தலையிலை போட்டிட்டு நான் வீட்டை வாறதோ?”

ஸ்ரீஸ்கந்தராசா பன்னிரண்டு நாளில் முதல்முறையாக வாகீசனின் முகத்தைப் பார்த்தார்.

“ஆனால் அவன் ஏன் மாறிக் கழட்டினான்?” என்று தொடர்ந்தார் குணவதி. “இது எனக்கு விளங்கேல்லை. பாயிஸ்தான் விளக்கினவர். வாகீசன் சொன்ன சொல் ‘வலது’ இல்லை, ‘சோத்துக்கைப் பக்கம்.’ மொழிபெயர்த்த ஆள் அதை வலது எண்டு எழுதினார். எழுதினது பிழையில்லை, ஆனால் அதோடை உண்மை காணாமல் போச்சு. அண்ணை, ஆஸ்பத்திரியிலை எனக்குச் சொன்னதை ஒருக்காச் சொல்லுங்கோ.”

ஸ்ரீஸ்கந்தராசாவின் குரல் கரகரத்தது. “அவன் பிறவி இடக்கை. தாய் உயிரோடை இருக்கேக்கை, சாப்பாட்டுக்கு முன்னம் கை கழுவ, ‘சோத்துக்கையை நீட்டு’ எண்டுவா. இவன் இடக்கையை நீட்டுவான். நாங்கள் சிரிச்சுப்போட்டு விட்டிட்டம். அவனுக்குச் சோத்துக்கை எண்டால் தான் சாப்பிடுற கை. ஒருத்தரும் திருத்தேல்லை. இஞ்சை அந்தச் சொல்லுக்கு வேறை என்ன தேவை வரப்போகுது?”

“வந்தது,” என்றார் குணவதி. “முப்பது அடி உயரத்திலை ஒருக்கா வந்தது.”

பாயிஸின் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

“இரண்டு பேரும் சரியாத்தான் செய்தவை. சொன்னவர் சரியாச் சொன்னார், கேட்டவன் கேட்டபடி செய்தான். ஆனாலும் ஒரு காவல் இருந்திருக்கவேணும். சிவப்பு நாடாவைக் கண்டால் அவன் கையை எடுத்திருப்பான். அந்தச் சொல் பிழைச்சிருந்தாலும் ஆள் பிழைச்சிருப்பான். ஏன் எடுக்கேல்லை? ஏனெண்டால் அண்டைக்கு நாடா அங்கை இல்லை. ஆணி தண்ணிக்குள்ளை போய், பொக்கற்றிலை துருப் பிடிச்சது. அதிலை கட்டின நாடாவிலை ஒரு பொட்டுக் கறை இல்லை. பச்சை நாடாவிலை சப்பாத்து முடிச்சு. வாகீசன் வாழ்நாளிலை அப்பிடி முடிச்சுப் போட்டிருக்க மாட்டார். இரண்டு நாடாவும் விழுந்த பிறகு கட்டினது.”

அவர் அகஸ்ரினைப் பார்க்கவில்லை. தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற எல்லாரும் அகஸ்ரினைப் பார்த்தார்கள்.

“படம் எடுக்க ஆக்கள் வந்தவை,” என்றார் அகஸ்ரின் கடைசியில். அந்தக் குரலில் சத்தமே இல்லை. “பழைய படத்திலை நாடா இல்லை. பத்து நிமிசத்துக்கு எண்டு விடியக் கழட்டினன். திருப்பிக் கட்ட மறந்திட்டன். படகுக்காரர் அவனைத் தூக்கி, நனைஞ்ச ஜக்கெற்றை உரிச்சுத் தளத்திலை போட்டினம். அதை எடுத்தன். பொக்கற்றுக்குள்ளை ஆணி. எனக்கு உடனை விளங்கிட்டுது, நாடா இல்லாததாலைதான் எண்டு. கண்காட்சியை மூடிப்போடுவினம், பத்து வருச வேலை… நாடாவைக் கட்டினன். ஜக்கெற்றை வேலியிலை கொழுவினன். வாகீசன் ஜக்கெற் தன்ரை மேலிலை இல்லையெண்டு சொல்லித் தப்பியிடுவார் எண்டுதான் நினைச்சன். அவர் வாயே திறக்கேல்லை. ஒவ்வொரு நாளும் ஜெபிச்சன், அவர் வாயைத் திறக்கவேணும் எண்டு.”

“நீங்கள் திறந்திருக்கலாமே,” என்றாள் யோகராணி.

குணவதி எழுந்து, மேசையிலிருந்த தொலைபேசியை அகஸ்ரினுக்கு முன்னால் நகர்த்தினார். “நாடாவைக் கழட்டினது மறதி அகஸ்ரின். கட்டினதுதான் பாவம். அதிகாரி நாலு மணிக்கு முடிவு எழுதுவார். நான் சொன்னால் அது துப்பு. நீர் சொன்னால் அது வேறை. நாங்கள் வெளியிலை நிக்கிறம்.”

மேல்தளத்தில் எல்லாரும் மூடுபனிக்குள் நின்றார்கள். உள்ளே அகஸ்ரின் எண்களை அழுத்தும் ஓசை கேட்டது. பிறகு, தடுமாறித் தடுமாறி, அவருடைய குரல். ஸ்ரீஸ்கந்தராசா வாகீசனுக்குப் பக்கத்தில் போய் நின்றார். இருவரும் சில்லைப் பார்த்தபடி நின்றார்கள்.

“ஆஸ்பத்திரியிலை இருந்து விடியக் கூப்பிட்டவை,” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. “பிள்ளை நேர்ஸின்ரை விரலைப் பிடிச்சு அமத்தினவனாம்.”

“எந்தக் கையாலை அண்ணை?”

“எந்தக் கையாலை… சோத்துக்கையாலைதான்.”

வாகீசன் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பிக்கரிங்கிலிருந்து அமீரா ரயிலில் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அங்கே ஒரு பல் வைத்தியரிடம் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு உம்மாவின் சோற்றுக்கு வருவாள். ஸெய்னம்பு குசினியில் கோழிக்கறியை இறக்கிக்கொண்டிருந்தாள். மேசைக்குச் சோற்றுக் கோப்பை வைப்பது பாயிஸின் வேலை.

மூன்று கோப்பை வைத்தான். மூன்று கோப்பைக்கும் வலப்புறத்தில் கரண்டி, அதற்கு அருகே தண்ணீர் கிளாஸ். இருபத்தைந்து வருடமாக வைக்கிற மாதிரி. வைத்துவிட்டு, யன்னலோரக் கதிரைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றான். அது அமீராவின் இடம். இத்தனை வருடமும் அவள் அந்தக் கதிரையில் இருந்து, கரண்டியைக் கோப்பைக்கு மேலால் எடுத்துக் கைமாற்றித்தான் சாப்பிட்டிருக்கிறாள். அவள் கை நீட்டுவதை அவன் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறான். பார்த்ததோடு சரி.

அந்தக் கரண்டியை எடுத்துக் கோப்பையின் இடது பக்கம் வைத்தான். கிளாஸையும் நகர்த்தினான். மேசைத்துணியில் அது விட்ட ஈர வட்டத்தை உள்ளங்கையால் துடைத்துவிட்டான்.

கீழே வாசல் மணி அடித்தது. “புள்ள வந்திட்டா போல, கதவத் திறங்களே!” என்று குசினியிலிருந்து ஸெய்னம்பு கூப்பிட்டாள்.

“வாறன், வாறன்,” என்றான் பாயிஸ்.

ஜக்கெற்றைக் கழற்றிவிட்டு வந்து அமீரா தன் இடத்தில் இருந்தாள். ரயிலில் ஒருத்தி தன் பூனையோடு சண்டைபிடித்த கதையைச் சொல்லத் தொடங்கினாள். கதையின் நடுவில், பார்க்காமலே, தண்ணீருக்கு இடக்கையை நீட்டினாள். கிளாஸ் அங்கேயே இருந்தது. அவள் குடித்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தாள்.